அம்மா உட்கார்ந்த மேசை

தன் அம்மா வகுப்பில் வேறொருத்தியின் மேசைக்குப் போய் உட்கார்ந்ததைக் கயல்விழி முதல் வாரம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் மேசையில் கூட்டம் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ரஞ்சிதம் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, மகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, நேராக ஜன்னலோரம் இருந்த சௌமியாவின் மேசைக்குப் போனாள்.

திருத்தணி நூலகத்து மாடியில் நடந்த அந்த வகுப்பை ஆரம்பித்ததே கயல்விழிதான். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எதற்காவது வருகிறவர்கள் தங்கள் போனை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். "இன்னாமோ வந்துகீதும்மா, நீயே பாத்து சொல்லு" என்பார்கள். போனில் இருக்கும் சகலமும் அவள் கண் முன்னால் திறந்து கிடக்கும். யாராவது கெட்டவன் கையில் இது போனால் என்ன ஆகும் என்று யோசித்து, நூலகர் தீனதயாளனிடம் போய்ப் பேசினாள். அவரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாடியைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். போன் எடுப்பது, மெசேஜ் படிப்பது, வீடியோவில் பேசுவது, ஏமாற்றுக்காரர்களை அடையாளம் கண்டுகொள்வது என்று எல்லாம் அவளும் இன்னும் சிலரும் சொல்லித்தந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், பென்ஷன் வாங்குகிற வாத்தியார்கள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

வகுப்புக்கு விதிகள் எழுதி ஒட்டியதும் அவள்தான். கற்றுக்கொள்ள வருகிறவர் போனை நாம் தொடக்கூடாது, வாயால்தான் சொல்லித்தர வேண்டும். அவர்களுடைய ரகசிய எண் எதுவும் நமக்குத் தெரியக்கூடாது. அவர்களும் யாரிடமும் சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளையிடம்கூட. இதை ஒவ்வொரு வாரமும் முன்னால் நின்று உரக்கச் சொல்லுவாள்.

சௌமியா கோடையில் வந்து சேர்ந்தாள். கே.ஜி.கண்டிகையில் மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும் வைத்திருந்த துளசிங்கத்தின் மகள். சென்னையில் ஒரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை என்று ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கயல்விழியும் அதே ஊர்தான். துளசிங்கத்தின் கொல்லையில் ரஞ்சிதம் எத்தனையோ வருஷம் களையெடுத்திருக்கிறாள், கடலை பிடுங்கியிருக்கிறாள். அந்தக் கூலியில்தான் கயல்விழி கம்ப்யூட்டர் படித்தாள். கல்லூரிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நாட்களில், காரில் பள்ளிக்கூடம் போகிற சௌமியாவை அவள் வழியில் பார்த்ததுண்டு.

அதனால் சௌமியாவைப் பார்த்த முதல் நாளே அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. தான் முட்டி மோதிக் கற்றுக்கொண்டது அவளுக்குப் பொழுதுபோக்கு. அதையும் மன்னித்துவிடலாம். அவளிடம் எல்லோரும் சிரித்தார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ரஞ்சிதம்மா, யாருக்குப் போட்டீங்க? அவங்களுக்கு உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது!" என்று ஜன்னலோரம் சௌமியா சொல்லுவாள். அம்மா போனைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, வாய்விட்டுச் சிரிப்பாள். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்துக் கயல்விழி கேட்டதில்லை. தன் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாடம் பாதியில் நின்றுபோகும். "அப்பால இன்னாம்மா அமுக்கணும்?" என்று அவர் இருமுறை கேட்ட பிறகுதான் திரும்புவாள்.

அம்மாவுக்கு வீட்டில் அவள் சொல்லித்தராமல் இல்லை. வேலை முடிந்து வந்த களைப்பில், சாப்பாட்டுக்கு முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ரஞ்சிதத்தின் விரல் தப்பான இடத்தில் படும். "எத்தினி வாட்டிம்மா சொல்றது? அது இல்ல, மேல, மேல!" என்று சொல்லிக்கொண்டே போனைப் பிடுங்கித் தானே செய்து கொடுத்துவிடுவாள். ரஞ்சிதம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நீயே வெச்சிக்கோ" என்று எழுந்துபோய்விடுவாள். ஒரு தரம் நகரியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ரஞ்சிதம் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசி அனுப்பியிருந்த குரல் மெசேஜைக் கயல்விழி பக்கத்து வீட்டு அனிதாவுக்குப் போட்டுக்காட்டிச் சிரித்தாள். கேலிக்காகச் செய்யவில்லை, ஆசையாகத்தான் செய்தாள். அம்மா போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

வகுப்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அவங்க கொல்லையில குனிஞ்சி குனிஞ்சி பழகிப்போச்சி உனக்கு. அதான் 'பாப்பா பாப்பா'ன்னு அவ பின்னாடியே போற."

ரஞ்சிதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் குனிஞ்சது நெசந்தான்" என்றாள். "இப்ப அவதான் என் நாக்காலிகிட்ட குனிஞ்சி நின்னு சொல்லித் தர்றா. அத நீ பாக்கலியா?"

"நான் சொல்லித் தர மாட்டேனா?"

"நீ சொல்லித் தர்றதுக்குள்ள எனக்கு வேர்த்துப்பூடுதுடி" என்றாள் ரஞ்சிதம். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் பெரியம்மாவின் நம்பர் பார்க்க அம்மாவின் போனை எடுத்தாள். திரை ரகசிய எண் கேட்டது. இத்தனை நாளும் அந்த போனுக்குப் பூட்டே இருந்ததில்லை. தான் வாங்கிக்கொடுத்த போன் அது.

"இதுக்கு யாரு லாக் போட்டாங்க?"

"நான்தான்" என்றாள் ரஞ்சிதம் அடுப்படியிலிருந்து. குரலில் பெருமை இருந்தது. "பாப்பா சொல்லிச்சி, நானே போட்டேன்."

"நம்பர் இன்னா?"

ரஞ்சிதம் கரண்டியோடு வெளியே வந்தாள். "சொல்லக்கூடாதுன்னு நீதானடி சொன்ன. பெத்த புள்ளகிட்டகூட சொல்லக்கூடாதுன்னு முன்னாடி நின்னுகினு கத்தினியே."

"நான் வாங்கிக் குடுத்த போனும்மா அது!"

"போனு நீ வாங்கினது. உள்ள இருக்கறது என்னுது."

கயல்விழி போனைத் திருப்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மறந்துட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள்.

"மறந்தா பாப்பாவக் கேப்பேன். அதுகிட்ட சொல்லி வெச்சிக்கீறேன்."

அவ்வளவுதான். அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. மகளிடம் சொல்லாத நம்பர் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. கயல்விழி போனைக் கட்டில்மேல் வைத்தாள், மெதுவாகத்தான் வைத்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிற்று வலி என்றாள்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் நூலகத்தில் நுழைந்தாள். தீனதயாளன் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம். சௌமியா விதிய மீறுறாங்க. கத்துக்க வர்றவங்க ரகசிய நம்பர கேட்டு வாங்கி வெச்சிக்கறாங்க."

'கேட்டு வாங்கி' என்ற வார்த்தையை அவள் வழியெல்லாம் தேடிக்கொண்டு வந்திருந்தாள். தீனதயாளன் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தார். அவருக்கு ஏமாற்று வேலை என்றால் பயம். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அப்படி ஏமாந்திருந்தார். "யாரும்மா சொன்னாங்க?" என்றார்.

"யாரு சொன்னா இன்னா சார். கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்."

அந்த ஞாயிறு வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், சொல்லித்தருகிறவர்களை மட்டும் உட்காரவைத்து அவர் கேட்டார். கேட்டதும் சௌமியா மறைக்கவில்லை.

"ஆமா சார், ஒருத்தரோட நம்பர் எனக்குத் தெரியும். நான் கேட்கல. அவங்களே சொன்னாங்க, மறந்துட்டா ஞாபகப்படுத்தச் சொல்லி. வேணாம்னுதான் சொன்னேன். அவங்க ஆசையா சொன்னதால விட்டுட்டேன்."

"யாரது?"

சௌமியா ஒரு கணம் கயல்விழியைப் பார்த்தாள். பிறகு, "அவங்க பேரு வேணாம் சார். தப்பு என்னுதுதான்" என்றாள்.

தீனதயாளன் நல்ல மனுஷர். ஆனால் எழுதி ஒட்டியதை மீறமாட்டார். கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சௌமியா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே ஸ்கூட்டி கிளம்புகிற சத்தம் கேட்டபோது கயல்விழிக்கு நெஞ்சு லேசானது போலிருந்தது. அந்த லேசு அன்றைய வகுப்பு முடியும்வரைகூட நிற்கவில்லை.

ரஞ்சிதம் வந்தாள். ஜன்னலோர மேசையில் யாரும் இல்லை. தீனதயாளன் அவளைக் கயல்விழியின் மேசைக்கு அனுப்பினார். கயல்விழி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்றைக்குக் கோபப்படக்கூடாது, எத்தனை தரம் கேட்டாலும் சொல்லித்தர வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சொல்லும்மா, இன்னா தெரியணும்?"

ரஞ்சிதம் போனை மேசைமேல் நேராக வைத்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "நீங்க இன்னா சொல்லித் தர்றீங்களோ அது போதும், டீச்சர்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், தாயும் மகளும் விளையாடுகிறார்கள் என்று நினைத்து. ரஞ்சிதம் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அப்படியே பேசினாள். "இது எங்க இருக்குங்க?" "இத அமுக்கலாமாங்க?" தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதையெல்லாம் செய்தாள். ஒரு தடவைகூட அவள் விரல் தப்பான இடத்தில் படவில்லை. இதெல்லாம் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அப்போதுதான் கயல்விழிக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும், "பாப்பாவப் பத்தி யாரு சொன்னாங்கன்னு தெரியுமா உனக்கு?" என்று ரஞ்சிதமே கேட்டாள்.

கயல்விழி தோள்பையை ஆணியில் மாட்டினாள்.

"அந்தப் பொண்ணு என் பேரச் சொல்லலியாம். நூலகத்துக்காரரு சொன்னாரு." அதோடு அவள் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு இருவரும் ஒரே வீட்டில் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் குமரேசன் போன் செய்தால் ரஞ்சிதம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினாள். முன்பெல்லாம் அண்ணனின் போனைக் கயல்விழிதான் எடுத்து, பேசிமுடித்து, கடைசியில் அம்மாவிடம் கொடுப்பாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. கோபம் இருந்தாலும் காவடிக்குப் போகாமல் இருக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. விடிந்ததும் இருவரும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சென்னையிலிருந்து வந்த ரயிலிலிருந்து கூட்டம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆந்திரத்துப் பக்கமிருந்து லாரி லாரியாக வந்திருந்தார்கள். சரவணப் பொய்கையில் குளித்து, பூக்காவடியை ரஞ்சிதம் தோளில் வைத்துக்கொள்ள, அரோகரா கோஷத்துக்கு நடுவே மலையேறினார்கள். தரிசனம் முடிந்து இறங்கும்போதுதான் பிரிந்துபோனார்கள். போலீஸ்காரர் ஒருவர் தடுப்பை இழுத்து வரிசையை வெட்டினார். கயல்விழி இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். "அந்த வழியா போங்க, அந்த வழியா போங்க" என்று பின்னால் இருந்த கூட்டத்தை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். மஞ்சள் புடவைகளுக்குள் ஒரு மஞ்சள் புடவை காணாமல் போனது.

அடிவாரத்தில் நின்று போன் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மேளச் சத்தத்தில் ஒலிபெருக்கியில் யார் பேர் சொல்கிறார்கள் என்றே கேட்கவில்லை. படிக்கட்டுக்கும் பொய்கைக்குமாக அவள் ஓடினாள். பார்க்கிற கிழவிகளெல்லாம் பின்னாலிருந்து அம்மாவாகத் தெரிந்தார்கள், திரும்பினால் வேறு முகம்.

அப்போது கையில் போன் அதிர்ந்தது. சௌமியா என்று பெயர் வந்தது. எடுக்க மனமில்லை. எடுத்தாள்.

"கயல், அம்மா எனக்கு லொகேஷன் அனுப்பியிருக்காங்க. குரல் மெசேஜும் வந்திருக்கு. கால் பிசகிப்போச்சாம், நடக்க முடியலையாம். மலைக்குப் பின்பக்கம், வண்டிப் பாதையில காட்டுது. உங்களுக்கு அனுப்பிட்டேன், பாருங்க. நானும் வர்றேன்."

அம்மா கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதி வருவதற்கு முன்னால், 'அவளுக்கா அனுப்பினாள்' என்பதுதான் கயல்விழிக்கு வந்தது. கால் பிசகி ரோட்டில் கிடக்கிற நேரத்திலும் அவளுக்கா. அந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் வந்தது வந்ததுதான். திரையில் தெரிந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டே கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள்.

ரஞ்சிதம் ஒரு மோர்ப் பந்தலின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பந்தல்காரர்கள் காலில் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் அத்தனை நாள் பிடித்துவைத்திருந்த முகம் கலைந்தது.

"வந்துட்டியா?"

"ஏம்மா எனக்கு அனுப்பல?" அழுகையோடுதான் கேட்டாள். "நான் இங்கதானே இருக்கேன். அவளுக்கு ஏன் அனுப்பின?"

ரஞ்சிதம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உனக்குத்தான்டி மொதல்ல போட்டேன். போவவே இல்ல. அப்பால அந்தப் பச்சை வாட்சப்பத் தொறந்து தேடினேன். அக்கா பேரு வருது, உங்க அண்ணன் வர்றான், பாப்பா வருது, சிலிண்டர் போடறவன்கூட வர்றான். உன் பேரு மட்டும் எங்க தேடியும் வரல." போனைத் திறந்து நீட்டினாள். "நீயே பாரு."

கயல்விழி பார்த்தாள். அம்மா சொன்னது உண்மைதான். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன மெசேஜ் என்று அவள் ஒருநாளும் அம்மாவுக்கு ஒன்றும் அனுப்பியதில்லை. ஒரு காலை வணக்கம், ஒரு படம், கடையிலிருந்து வர நேரமாகும் என்று ஒரு வார்த்தை, எதுவும் கிடையாது. பேசியவர்கள் பெயர்தான் அந்த வரிசையில் இருக்கும். அவள் அதில் இல்லை. பந்தலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சௌமியா கொஞ்ச நேரத்தில் வந்தாள். ஸ்கூட்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தே வந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ரொம்ப வலிக்குதா ரஞ்சிதம்மா?" என்று குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"சௌமியா" என்றாள் கயல்விழி. எழுந்திருக்கவில்லை. "தீனதயாளன் சார்கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"நீங்க கேட்டு வாங்கினீங்கன்னு சொன்னேன். அது பொய். விதிக்காகச் சொல்லல. எங்க அம்மா உங்க மேசையில உட்காந்தாங்கன்னு சொன்னேன்."

சௌமியா நிமிர்ந்தாள். பந்தல்காரர் நீட்டிய மோரை வாங்கி ரஞ்சிதத்தின் கையில் கொடுத்தாள்.

"நீங்க சொன்னது ஊரெல்லாம் பரவி, என் காலேஜ் தோழிகூட கேட்டா, நம்பர் திருடினியாமேன்னு. எனக்குக் கோபம் போகல கயல். போகும்னும் இப்ப சொல்ல முடியாது." அவள் குனிந்து ரஞ்சிதத்தின் கையைப் பிடித்தாள். "அம்மாவ எப்படிக் கீழ கொண்டுபோறதுன்னு பாப்போம் வாங்க."

ரஞ்சிதம் இரண்டு பேர் தோளிலும் கை போட்டுக்கொண்டு ஒற்றைக்காலால் நொண்டி நடந்தாள். ஆட்டோ கிடைக்கும் இடத்தில் சௌமியா விலகிக்கொண்டாள்.

அந்த வாரமே கயல்விழி நூலகத்துக்குப் போய், 'கேட்டு வாங்கி' என்று தான் சொன்னது பொய் என்று தீனதயாளனிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பதையும் மறைக்கவில்லை. அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "விதி சரியான விதிதாம்மா" என்றார் கடைசியில். "அத எடுத்து ஒருத்தர அடிக்கறதுக்கு இல்ல." ரஞ்சிதத்தை நம்பரை மாற்றச் சொன்னார். சௌமியாவிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தார். மற்றவர்கள் முன்னால் கயல்விழியும் கேட்டாள். சிலர் அதன் பிறகு அவள் மேசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கால் தேறியதும் ரஞ்சிதம் மறுபடி வகுப்புக்கு வந்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். மகளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஜன்னலோர மேசைக்கே போனாள்.

கயல்விழிக்கு வயிறு எரிந்தது, முன்னைப் போலவே எரிந்தது. உண்மையைச் சொன்னால் அது அணைந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தாள். அணையவில்லை. சௌமியா அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மாவின் சிரிப்பு அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. தன் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் கயல்விழி, "அவசரம் இல்லீங்க, நிதானமா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் விரல் அலைகிற அலைச்சலைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். கண்டிகை பஸ் இன்னும் வரவில்லை.

"அடுத்த வாரம் போன்லயே ரயில் டிக்கெட் எடுக்கறதுக்கு சொல்லித் தர்றேன்னு பாப்பா சொல்லிகீது" என்றாள் ரஞ்சிதம். "கத்துகினா நானே டிக்கெட் எடுத்துகினு மெட்ராஸ் போய் வந்துடுவேன்."

ரயில் டிக்கெட் கயல்விழிக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடையில் தினமும் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். இதற்கு அவளிடம் போக வேண்டுமா, இப்போதே காட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. போனுக்காகக் கைகூட நீண்டது. அந்தக் கையால் தோள்பையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லா கேட்டுக்கோ" என்றாள். "புரியலன்னா திருப்பிக் கேளு. அவங்க கோவிச்சிக்க மாட்டாங்க."

ரஞ்சிதம் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆங்" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. கயல்விழி முதலில் ஏறி இடம் பிடித்து, அம்மாவுக்குக் கை கொடுத்தாள்.